காயும் கனியும் குடும்பத்திற்கு இன்றியமையாதவையா? – ஜவ்வாது மலையை முன்வைத்துச் சில சிந்தனைகள்

உணவு என்னும் சொல் நம் மக்களின் மனத்தில் முதலில் எழுப்பும் உருவம் சோறே. வசதியுள்ள இல்லங்களில் சோற்றுக்கு அடுத்த இடம் கறிக்கும் மீனுக்கும் உரியது. வசதியற்ற இல்லங்களில் அவ்விடத்தை ஆணமோ ரசமோ ஒரு துண்டு ஊறுகாயோ நிரப்பிவிடுகிறது. காயும் கீரையும் இருந்தால் நன்று, இல்லாவிடினும் குறையில்லை என்பதே பலரது எண்ணம். கனியின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. நோயாளியைக் காணச் செல்லும்போதும் விருந்தாடச் செல்லும்போதும் மட்டுமே அது வாங்கப்படுகிறது.

இந்நிலையில், "பாட்டனாரும் பூட்டனாரும் களியும் கஞ்சியும் உண்டு நெடுநாள் வாழவில்லையா? காயும் கனியும் உண்மையிலேயே தேவையா?" என்று வினவுவோரை நாம் எள்ளி நகையாடிவிட முடியாது. வாரக் கூலியை எண்ணிச் செலவிடும் குடும்பத்திற்கு இது வெறும் வாதமன்று. அன்றாடம் முடிவு செய்ய வேண்டிய காரியம். எனவே இவ்வினாவை அதற்குரிய கண்ணியத்துடன் எடுத்துக்கொண்டு ஆராய்வோம். அதற்கு ஏற்ற களமாக ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் கொள்வோம்.

மலையும் அடிவாரமும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை, இன்றைய திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. படித்தவர்களிடையே இம்மலைக்குப் பெயர் தேடித் தந்தது காவலூர் வானியல் ஆய்வகம். 1986-இல் அங்கு நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியர்களே வடிவமைத்து உருவாக்கியது என்னும் பெருமைக்குரியது. ஆயினும் விண்மீன்களை நோக்கும் அவ்வாய்வகத்தைச் சுற்றி வாழும் மக்களின் உணவைப் பற்றி வெளியுலகம் அறிந்தது குறைவே.

ஜமுனாமரத்தூரை மையமாகக் கொண்ட இம்மலை ஊர்களில் வாழ்வோருள் பெரும்பான்மையினர் 'மலையாளி' எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கொண்டு இவர்களைக் கேரளத்தவர் என்று கருதிவிடலாகாது. இவர்கள் தமிழ் பேசும் மக்கள். மானாவாரி நிலத்தில் சாமையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்ந்து வருபவர்கள். சாமை இன்றளவும் இம்மலையின் அடையாளப் பயிராக விளங்குகிறது. பலா, சீத்தா, கொய்யா, நெல்லி, நாவல், புளி ஆகியனவும் இங்கு விளைகின்றன.

மலைக்கு வடமேற்கே, பாலாற்றுப் பள்ளத்தாக்கில், ஆம்பூரும் வாணியம்பாடியும் அமைந்துள்ளன. தோல் தொழிலாலும் கல்விப் பணியாலும் அறியப்பட்ட இவ்வூர்களை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி நூறாண்டைக் கடந்துவிட்டது. ஆம்பூர் பிரியாணியோ தமிழகம் முழுவதும் பரவிவிட்டது.

மலைமேல் தானியமே பெரும்பகுதியாக அமைந்த ஏழையின் தட்டு. அடிவாரத்தில் சோறும் கறியும் எண்ணெயும் நிறைந்த ஓரளவு வசதியுள்ளவரின் தட்டு. தோற்றத்தில் இவ்விரண்டும் முற்றிலும் வேறானவை. எனினும் இரண்டிலும் குறைந்து காணப்படுவது ஒன்றே. அதுவே நம் கட்டுரைப் பொருள்.

தானியம் தருவதும் தராததும்

அண்மைக் காலத்தில் சிறுதானியங்களின் புகழ் ஓங்கியிருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அப்புகழ் பெரிதும் தகுதியானதே. சாமை நார்ச்சத்து மிக்கது. கேழ்வரகு 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. அரிசியில் இருப்பதைப் போல் இது பன்மடங்காகும்.

ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. சாமையானாலும் கேழ்வரகானாலும் அரிசியானாலும், உலர்ந்த தானியம் எதிலும் வைட்டமின் சி இல்லை எனலாம். வைட்டமின் ஏ-யாக உடலில் மாறக்கூடிய கரோட்டின் சத்தும் அவற்றில் மிக அற்பமே. மேலும், தானியத்தில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஈர்த்துக்கொள்வதில்லை. தானியத்தின் மேற்பகுதியில் உள்ள பைட்டிக் அமிலம் இரும்பைப் பிணைத்து வைத்துக்கொள்கிறது. அப்பிணைப்பைத் தளர்த்தி இரும்பைக் குருதிக்குள் சேர்க்க உதவுவது வைட்டமின் சி. களியுடன் உண்ணும் கீரையில் பிழியும் அரை எலுமிச்சையும், உணவுக்குப்பின் தின்னும் ஒரு கொய்யாத் துண்டும் இவ்வாறு பணியாற்றுகின்றன. உணவோடு சேர்த்துப் பருகும் தேநீரோ இதற்கு நேர்மாறாக இரும்பைத் தடுத்துவிடுகிறது.

இறைச்சி இக்குறையைப் போக்காதா என்று அடிவாரத்து நண்பர் கேட்கலாம். இறைச்சி எளிதில் செரிக்கும் இரும்பையும் புரதத்தையும் வைட்டமின் பி12-ஐயும் தருகிறது. அவ்வகையில் அது சிறந்த உணவே. ஆனால் அதில் நார்ச்சத்து சிறிதும் இல்லை. சமைத்த இறைச்சியில் வைட்டமின் சி-யும் இல்லை எனலாம். இதில் ஒரு வியப்பான உண்மையும் உண்டு. ஆடு தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் உடலிலேயே ஆக்கிக்கொள்கிறது. மனிதனுக்கு அவ்வாற்றல் இல்லை. அவன் அதை அன்றாடம் உணவிலிருந்தே பெற்றாக வேண்டும். உடலில் அது நெடுநாள் தேங்கி நிற்பதுமில்லை.

கடலோடிகள் கற்பித்த பாடம்

காய்கனிகளே இல்லாமல் மனிதன் வாழ்ந்தால் என்ன நேரும் என்பதை உலகம் ஏட்டிலிருந்து கற்கவில்லை, நடுக்கடலில் கற்றது. உலர்ந்த ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியும் மட்டுமே உண்டு மாதக்கணக்கில் பயணம் செய்த ஐரோப்பியக் கடலோடிகளுக்கு ஈறு வீங்கி, குருதி கசிந்து, ஆறிய புண்ணும் மீண்டும் திறந்து, இறுதியில் உயிர் பிரிந்தது. இந்நோய் ஸ்கர்வி எனப்பட்டது.

1747-இல் சாலிஸ்பரி என்னும் கப்பலின் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், இந்நோய் கண்ட 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்தை அளித்துப் பார்த்தார். காடி, கடல்நீர் முதலியவற்றைப் பெற்றவர்கள் தேறவில்லை. நாளும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைந்து நலமடைந்தனர். லிண்ட் தம் நூலை 1753-இல் வெளியிட்டார். ஆயினும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795-இல்தான். அறிந்தபின்னும் செயல்படாமல் கழிந்த அந்த ஆண்டுகளில் மாண்டவர் பலர்.

அந்த எலுமிச்சையும் ஆரஞ்சும் ஐரோப்பாவை அடைந்த வரலாற்றை நாம் இங்கு நினைவுகூர்வது தகும். ஆசியாவின் தென்கிழக்கிலும் இந்தியாவின் வடகிழக்கிலும் தோன்றிய இம்மரங்களை மேற்கே கொண்டு சென்றதில் முஸ்லிம் உழவர்களுக்கும் வணிகர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. நாரத்தை இன மரம் ஹிஜ்ரி 300-க்குப் பிறகு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பெற்று, முதலில் ஓமானிலும் பின்னர் பஸராவிலும் ஷாமிலும் நடப்பெற்றதாக வரலாற்றாசிரியர் அல் மஸ்ஊதி குறித்துள்ளார். நம் கத்திரிக்காயும் இவ்வழியே பயணம் செய்ததுதான். அரபியில் 'அல் பாதின்ஜான்' என வழங்கிய அதன் பெயரே ஸ்பெயினைக் கடந்து பிரெஞ்சு மொழியில் 'ஓபர்ஜீன்' என்று திரிந்தது. காய்கனிகளை மதித்துச் சுமந்து சென்ற ஒரு நாகரிகத்தின் வாரிசுகள், அவற்றைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பது பொருத்தமாகுமா?

திருக்குர்ஆனின் 'அபஸ' அத்தியாயம் மனிதனைத் தன் உணவைக் கூர்ந்து நோக்குமாறு அழைக்கிறது. அவ்விடத்தில் தானியத்தோடு நின்றுவிடாமல் திராட்சை, பசுந்தாவரம், ஒலிவம், பேரீச்சை, அடர்ந்த தோட்டங்கள், கனிகள் என்று வரிசைப்படுத்துகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குழம்பில் கிடந்த சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி விரும்பி உண்டதை அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு வாயிலாக நாம் அறிகிறோம். அந்தக் குழம்பில் இறைச்சியும் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

கோஷா மருத்துவமனையும் ஓர் இலையும்

இனி நம் நாட்டிற்கு, நம் பெண்களிடம் வருவோம். 1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவ அம்மையார், கருவுற்ற பெண்களைக் கொல்லும் ஒருவகைக் குருதிச் சோகையை ஆராய இந்தியா வந்தார். பம்பாயில் ஆலைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களின் உணவை ஆராய்ந்தபோது, அச்சோகை ஏழை முஸ்லிம் பெண்களிடம் மிகுதியாக இருந்ததையும், அவர்களின் உணவே மிகவும் குறைபாடு உடையதாக இருந்ததையும் கண்டார். நம் சமூகம் மறந்துவிடக்கூடாத கண்டறிதல் இது.

அவரது ஆய்வு பின்னர் தமிழ்நாட்டிலும் தொடர்ந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், சென்னையில் அந்நாளில் 'கோஷா ஆஸ்பத்திரி' என வழங்கிய மகளிர் மருத்துவமனையிலும் அவர் பணியாற்றினார். குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் 1918-இல் தொடங்கிய சத்துணவு ஆய்வே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது என்பதும் பலர் அறியாத செய்தி. ஈஸ்ட் சாறு அளிக்கப்பட்ட பெண்கள் வியக்கத்தக்க வகையில் தேறியதை லூசி வில்ஸ் 1931-இல் வெளியிட்டார். அவர்களைக் காத்த பொருள் இன்னதென்று அப்போது எவருக்கும் தெரியாது. 1941-இல் அமெரிக்க அறிவியலார் பசலை வகைக் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்தனர். இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். அது லூசி வில்ஸ் தேடிய காரணியோடு ஒத்தது என்பது பின்னர் தெளிவாயிற்று.

ஃபோலேட் எனப்படும் இச்சத்து குறைந்தால் தாய்க்குச் சோகை வருவதோடு, கருவில் வளரும் குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் ஊறுபட வாய்ப்புண்டு. கருவுற்ற முதல் சில வாரங்களுக்குள்ளேயே அவ்வூறு நேர்ந்துவிடுவதால், தாய் தான் கருவுற்றதை அறியுமுன்னரே அவள் உடலில் இச்சத்து இருத்தல் வேண்டும். இதற்காகவே மருத்துவர்கள் மாத்திரையும் அளிக்கின்றனர். அதனை மறுக்காமல் உட்கொள்ள வேண்டும். அதற்கு முன்பாக அவள் தட்டில் கீரையும் பயறும் இருந்திருக்க வேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது.

2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் 57 விழுக்காட்டினர் குருதிச் சோகை உடையவர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் இது 67 விழுக்காடு. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் இந்நிலையில்தான் உள்ளனர். சோகைக்கு இரும்புக் குறை, குடற்புழு, நோய்த்தொற்று, அடுத்தடுத்த பேறு எனக் காரணங்கள் பல. காய்கனிகள் மட்டும் இதனைத் தீர்த்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஆனால் அவை இல்லாத தட்டு, அக்காரணங்கள் ஒவ்வொன்றையும் மேலும் கொடியதாக்குகிறது.

இரண்டு மறுப்புரைகள்

காய்கனி இன்றியே வாழ்ந்த மக்கள் உண்டே என்பர் சிலர். வடதுருவத்தை ஒட்டி வாழும் இனூயிட் மக்கள் பெரிதும் கடல்விலங்குகளையும் மீனையும் உண்டே வாழ்ந்தனர் என்பது மெய்தான். அவர்கள் திமிங்கிலத் தோலையும் விலங்கின் உறுப்புகளையும் பச்சையாக உண்டனர். வைட்டமின் சி அவற்றிலிருந்து கிடைத்தது. ஆகவே உடலுக்கு வேண்டியது சத்துகளே. 'காய்' என்னும் பெயரன்று. ஆனால் தானியத்தைத் தின்று, இறைச்சியை நன்கு வேகவைத்து உண்ணும் நமக்கு, அச்சத்துகளைப் பெறக் காய்கனிகளை விட்டால் நடைமுறையில் வேறு வழியில்லை.

அப்படியானால் மாத்திரையை விழுங்கிவிடலாமே என்பது அடுத்த மறுப்பு. குறிப்பிட்ட குறைபாட்டிற்குக் குறிப்பிட்ட மாத்திரை நன்மை தரும் என்பதை மேலே கண்டோம். ஆனால் காய்கனிகளுக்கு முழு மாற்றாக மாத்திரை அமையாது. மஞ்சள், பச்சைக் காய்கறிகளை மிகுதியாக உண்போருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கண்ட அறிவியலார், அவற்றிலுள்ள பீட்டா கரோட்டினைத் தனியே மாத்திரையாக அளித்துப் பார்த்தனர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,000 பேரைக் கொண்டு நடந்த அச்சோதனையின் முடிவு 1994-இல் வெளிவந்தது. மாத்திரை பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது! கீரையில் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கும் நூற்றுக்கணக்கான பொருள்களுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துப் பெருமளவில் கொடுப்பது உணவாகிவிடாது என்பதை அச்சோதனை உணர்த்தியது.

எவ்வளவு? எது? என்ன விலையில்?

உலக நல நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனிகளைப் பரிந்துரைக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2,000 கலோரி உணவில் தானியம் 250 கிராம், கீரை உள்ளிட்ட காய்கறி 400 கிராம், கனி 100 கிராம் எனக் கூறுகிறது. தானியத்தைவிடக் காய் மிகுதியாக இருக்க வேண்டும் என்னும் இக்கணக்கை நம் வீட்டுத் தட்டோடு ஒப்பிட்டால், அது தலைகீழாகக் கிடப்பதை உணரலாம்.

இவ்வளவு உண்டால்தான் பயனா என்று அஞ்ச வேண்டியதில்லை. இந்தியா உள்ளிட்ட 18 நாடுகளில் 1,35,335 பேரைப் பின்தொடர்ந்து 2017-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், பழம், காய், பயறு மூன்றையும் சேர்த்து நாளொன்றுக்கு 375 முதல் 500 கிராம் வரை உண்போரிடம் இறப்பு மிகக் குறைவாகக் காணப்பட்டது. அதற்குமேல் உண்டவர்களுக்குப் பெரிய கூடுதல் நன்மை தெரியவில்லை. காய்கனி உண்போர் பொதுவாக வசதியும் கல்வியும் உடையோராய் இருப்பர். நலத்திற்கு அதுவும் காரணமாகலாம் என்று கூறுவது நியாயமே. அதனால்தான் கட்டுப்பாடான சோதனைகள் முக்கியத்துவம் பெறுகின்றன. 1997-இல் அமெரிக்காவில் 459 பேரிடம் நடத்தப்பட்ட சோதனையில், உப்பையும் உடல் எடையையும் மாற்றாமல் காய்கனிகளை மட்டும் மிகுத்தபோதே குருதி அழுத்தம் குறைந்தது.

இவ்வளவும் கூறியபின் விலையைப் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. 2016-இல் வெளியான ஆய்வொன்று, ஒருவர் நாள்தோறும் இரண்டு பங்கு பழமும் மூன்று பங்கு காயும் உண்ண ஆகும் செலவைக் கணக்கிட்டது. செல்வ நாடுகளில் அது குடும்ப வருவாயில் 2 விழுக்காட்டிற்கும் குறைவு. இந்தியாவையும் உள்ளடக்கிய வருவாய் குறைந்த நாடுகளிலோ ஏறத்தாழ 52 விழுக்காடு! ஏழை காய்கனி உண்ணாதிருப்பதற்கு அறியாமையைக் காரணம் காட்டுவோர் இக்கணக்கைச் சிந்திக்கட்டும்.

ஆயினும் விலையுயர்ந்தது சத்துயர்ந்தது என்னும் மயக்கமும் இதில் கலந்திருக்கிறது. கடையில் பளபளக்கும் ஆப்பிளில் 100 கிராமுக்கு 4 அல்லது 5 மில்லிகிராம் வைட்டமின் சி-யே உள்ளது. கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல். நெல்லியில் அதனினும் மிகுதி. வளர்ந்த ஆடவருக்கு நாளொன்றுக்குத் தேவை 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65. ஆகவே அரைக் கொய்யாவோ ஒரு பெரிய நெல்லியோ ஒருவரின் அன்றாடத் தேவையை நிறைவேற்றிவிடும். முருங்கைக் கீரையும் கரோட்டின், சுண்ணாம்புச் சத்து, ஃபோலேட் எனப் பலவற்றையும் ஒருங்கே தருகிறது. இவை அனைத்தும் ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் வளரக்கூடியவை.

மலை இழந்து வருவது

அப்படியானால் கனிகள் விளையும் மலையில் குறை ஏன்? இவ்வினாவுக்கு விடை காண, மானாவாரி மலைவேளாண்மையின் பழைய அமைப்பை அறிதல் வேண்டும். பழைய நிலம் ஒற்றைப் பயிரின் நிலமாக இருந்ததில்லை. தானியத்தோடு அவரையும் துவரையும் மொச்சையும் கலந்திருக்கும். வேலியோரம் பூசணியும் சுரையும் படரும். களை எடுக்கும் பெண்கள் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, மணத்தக்காளி ஆகியவற்றை மடியில் கட்டி வீட்டுக்குக் கொணர்வர். காடு கிழங்கையும் காளானையும் நெல்லியையும் கொடுத்தது. காய்கனி என்று தனியே காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளாக எதுவும் இல்லை. நம் பாட்டனார் களியும் கஞ்சியும் மட்டுமே உண்டு வாழ்ந்ததாக நாம் கருதுவது நினைவின் பிழை. களியோடு இருந்த கீரையை நாம் மறந்துவிட்டோம்.

இவ்வமைப்பு பல முனைகளிலிருந்தும் தளர்ந்து வருகிறது. பொது விநியோகத்தின் வாயிலாக 2011 முதல் தமிழகத்தில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பசியைப் போக்கிய இத்திட்டத்தின் நன்மையைக் குறைத்து மதிப்பிட மாட்டோம். ஆனால் அக்கடையில் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் கிடைக்கும், கீரை கிடைக்காது. களைக்கொல்லி தெளிக்கப்படும் நிலத்தில் களை மடியும்போது கீரையும் மடிகிறது. கூலிக்காக மாதக்கணக்கில் வெளியூர் செல்லும் குடும்பத்திற்கு வேலியோரப் பந்தலைப் பேண வாய்ப்பில்லை. மலையின் பலாவும் சீத்தாவும் கொய்யாவும் காசாகிச் சமவெளிக்கு இறங்குகின்றன. அக்காசு மலைக்குத் திரும்பும்போது காயாகத் திரும்புவதில்லை. தேயிலையாகவும் சர்க்கரையாகவும் பொட்டலத் தின்பண்டமாகவும் திரும்புகிறது.

அடிவாரத்து ஊர்களின் துயரம் வேறு வகையானது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி நாட்டில் வளர்ந்தோருள் 11.4 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர்கள். தமிழ்நாட்டில் இது 14 விழுக்காட்டைத் தாண்டுகிறது. சோறும் எண்ணெயும் இனிப்பும் மிகுந்து, நார்ச்சத்து குறைந்த தட்டுக்கு இதில் பங்குண்டு. நீரிழிவு வந்தபின் கனியே ஆகாது என ஒதுக்குவோரும் உளர். முழுக் கனியை அளவோடு உண்பதும் அதனைப் பிழிந்து சர்க்கரை கலந்து பருகுவதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 1,87,000 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், முழுப் பழம் உண்டவர்களிடம் நீரிழிவு குறைவாகவும், பழச்சாறு பருகியவர்களிடம் மிகுதியாகவும் காணப்பட்டது. நோன்பு துறக்கும் வேளையில் சர்பத்தை நாடும் நம் கைகள் இதனை நினைவில் கொள்ளட்டும்.

செய்யக்கூடியவை

மாற்றம் இயலாததன்று. வங்காளதேசத்தில் 1990-களில் மாலைக்கண் நோயை எதிர்க்க ஹெலன் கெல்லர் அறக்கட்டளை, ஏழைப் பெண்களைக் கொண்டு வீட்டுத் தோட்டங்களை ஊர்தோறும் பரப்பியது. கீரை, பூசணி, பப்பாளி என மாறிமாறி விளைந்ததால் ஆண்டு முழுவதும் காய் கிடைத்தது. மிகுந்ததை விற்ற காசு பெண்களின் கையில் சேர்ந்தது. தோட்டம் உள்ள இல்லங்களில் குழந்தைகள் பலவகைக் காய்களை உண்டனர். ஜவ்வாது மலையில் ஒவ்வொரு வீட்டருகிலும் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, ஒரு கொய்யா, கழிவுநீர் பாயும் இடத்தில் ஒரு கீரைப் பாத்தி என்பது எளிய தொடக்கம். சத்துணவுக் கூடங்களும், 2022-இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டமும் மலையில் விளையும் கீரையையும் காயையும் மலையிலேயே வாங்குமானால், குழந்தையின் தட்டும் நிறையும்; உழவரின் கையும் நிறையும்.

அடிவாரத்தில் உள்ள நமக்கு வழி இன்னும் எளிது. நம் சமையல் மரபிலேயே அது உள்ளது. தால்சாவில் பருப்போடு சுரைக்காயும் கத்திரிக்காயும் மாங்காயும் சேர்கின்றன. பிரியாணிக்குக் கத்திரிக்காயே துணை. ஆனால் நாளடைவில் அவை பெயரளவில் சுருங்கிவிட்டன. கறியின் அளவைச் சிறிது குறைத்துக் காயின் அளவை இரட்டித்தால் சுவையும் கெடாது, செலவும் கூடாது. காயை நறுக்கியபின் கழுவாமல் நறுக்குமுன் கழுவுதல், வேகவைத்த நீரைக் கொட்டாதிருத்தல், கரோட்டின் சத்து உடலில் சேரக் கீரையில் சிறிது எண்ணெய் சேர்த்தல், எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழிதல் ஆகியன காசில்லாமல் சத்தைக் காக்கும் வழிகள்.

எல்லாவற்றினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. மலையிலும் அடிவாரத்திலும் இறுதியாக உண்பவள் தாயே. கறித்துண்டும் காயும் ஆடவர் தட்டிலும் பிள்ளைகள் தட்டிலும் போனபின், சட்டியின் அடியில் தங்கிய ஆணமே அவளுக்கு எஞ்சுகிறது. லூசி வில்ஸ் கண்ட சோகையின் வேர் அந்தச் சட்டியின் அடியில்தான் இருக்கிறது. அரை எலுமிச்சையும் ஒரு பிடி கீரையும் அவளுக்கென முதலிலேயே எடுத்து வைக்கப்படும் இல்லத்தில், பிறக்கப்போகும் குழந்தையின் பங்கும் எடுத்து வைக்கப்பட்டுவிடுகிறது.

ஆகவே, காயும் கனியும் தேவையா என்னும் வினாவிற்கு நம் விடை இது: தேவையே. தானியத்தை நம்பி வாழும் ஏழைக் குடும்பத்திற்குச் செல்வரைவிடவும் தேவை. அத்தேவை ஆப்பிள் கூடையால் நிறைவேறுவதன்று. நம் மண்ணின் கீரையாலும் நெல்லியாலும் கொய்யாவாலும் முருங்கையாலும் நிறைவேறக்கூடியது. அவற்றை விளைக்கும் நிலத்தைக் காப்பதும், விளைந்ததை முதலில் தாயின் தட்டில் வைப்பதும் நம் பொறுப்பாகும்.